செம்மண் சடக்கும் எங்கள் மிதிவண்டிகளும்

தார் காணாத சாலைகளில், மேடும் பள்ளமும் காடும் கடந்து, மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வதற்கு உலகில் இப்பொழுது தனிப் பெயரே ஏற்பட்டுவிட்டது. சரளைச் சாலைப் பயணம் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்க நாட்டில், கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்னும் சிற்றூரில் 2006-ஆம் ஆண்டு ஒரு போட்டி தொடங்கியது. 200 மைல் சரளைச் சாலையை மிதித்துக் கடப்பதற்காகப் பல நாட்டவர் அங்குச் சென்று கூடுகின்றனர். 2022-ஆம் ஆண்டில் இத்தாலியில் இதற்கென முதல் உலக வெற்றியாளர் போட்டியும் நடந்தேறியது. இவ்வகைப் பயணத்திற்கென்றே செய்யப்படும் மிதிவண்டிகளின் விலையைக் கேட்டால், 'அந்தப் பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாமே' என்று உங்கள் தந்தையார் சொல்வார்.

இச்செய்தியை முதன்முதலாகக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மாணவச் செல்வங்களே, உங்கள் தாத்தாமார் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்றதும், மிதிவண்டியின் பின்புறம் பால்வாளியைக் கட்டிக்கொண்டு கொட்டகை மேட்டில் மூச்சு வாங்க ஏறியதும், சம்பள நாளன்று பட்டணத்திற்குப் போய் அரிசியும் கருவாடும் வாங்கித் திரும்பியதும் இத்தகைய சாலைகளில்தாம். அவர்களுக்கு யாரும் பதக்கம் அணிவிக்கவில்லை.

நாங்கள் நால்வர். நால்வரும் அலோர் காஜா வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றவர்கள். இருவர் ஆசிரியர்கள், ஒருவர் லாரி ஓட்டுகிறார், மற்றவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். லயத்து வீடுகளை விட்டு நகரத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து பல்லாண்டுகள் ஆயின. எனினும் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு பழைய செம்மண் சடக்குகளைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறோம். எங்கள் வண்டிகள் விலையுயர்ந்தவை அல்ல. ஒன்று பழைய மலையேற்ற மிதிவண்டி. அதன் மணி மட்டும் புதியது.

நம் நகரத்தின் பெயரே ஒரு தடத்தின் பெயராகும். மலாய் மொழியில் அலோர் என்பது நீரோடும் பள்ளத்தை, தடத்தைக் குறிக்கும். காஜா என்பது யானை. யானைகள் நடந்து நடந்து உண்டான தடம் என்று பெரியோர் விளக்கம் கூறுவர். காஜா என்னும் சொல்லுக்கும் நாம் அறிந்த கஜம் என்னும் சொல்லுக்கும் உள்ள உறவை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வழக்கமான வழி, நகரை விட்டுக் காடேக் பக்கம் திரும்பி, தோட்டத் தடங்கள் வழியே புலாவ் செபாங்கை நோக்கிச் சென்று, வேறொரு தடத்தில் வளைந்து திரும்புவதாகும். மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. இன்றும் பெரியவர்கள் இதனைக் கட்டைக் கணக்கில்தான் சொல்கிறார்கள். பெரிய மலைகள் எவையும் இவ்வழியில் இல்லை. குட்டிக் குன்றுகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஏறி மூச்சு வாங்குமுன் இறங்கி, இறங்கிய களிப்பு அடங்குமுன் மறுபடி ஏறும்படியாக அமைந்திருக்கின்றன. வடக்கே தம்பின் மலை நீலநிறத்தில் நிற்கும். மழை வருமா வராதா என்பதை அம்மலையின் உச்சியைப் பார்த்தே அறியலாம் என்று எங்களுள் மூத்தவர் சொல்வார். அவர் சொல் பாதி நாள் பலிக்கும்.

இந்தச் சிவந்த சரளை எங்கிருந்து வந்தது? வெளியூரிலிருந்து லாரியில் வந்ததன்று. நம் காலடியிலேயே பிறந்தது. மண்ணியல் அறிஞர்கள் இந்நாட்டு மண் வகைகள் பலவற்றிற்கு ஊர்ப் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். அவற்றுள் ஒன்றன் பெயர் மலாக்கா வரிசை. இரும்புச்சத்து இறுகி உருண்டு சிறு கற்களாகி, மேல்மண்ணிலேயே மிகுந்து கிடப்பது அதன் தன்மை. வெப்பமும் பெருமழையும் நெடுங்காலம் சேர்ந்து மண்ணிலுள்ள கரையும் பொருள்களைக் கழுவிச் சென்றுவிட, கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சி நின்று இவ்வாறு ஆகின்றன. மலபார்ப் பகுதியில் அங்காடிப்புரம் என்னும் ஊரில் இத்தகைய மண்ணைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன் என்பார், 1807-இல் வெளிவந்த தம் நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வெட்டும்போது மென்மையாக இருந்து, வெயிலும் காற்றும் பட்டபின் கல்லாக இறுகுவதால், அங்கு மக்கள் அதனை வெட்டி வீடு கட்டினர். இங்கு அதனைப் பரப்பிச் சாலை போட்டனர்.

சாலை போட்டவர்கள் யாவர் என்பதைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். துரை வரைபடத்தில் கோடு போட்டார், கிராணி கணக்கெழுதினார். குன்றின் சரிவில் செம்மண் குழி வெட்டி, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து கொட்டி, நடுவே சற்று உயர்ந்தும் இருபுறமும் சாய்ந்தும் இருக்குமாறு பரப்பியவர்கள் நம் பாட்டனும் பாட்டியும் ஆவர். அந்தச் சாய்வுதான் சடக்கின் உயிர். நீர் நடுவில் தங்காமல் ஓரத்துக் கானில் இறங்கிவிட வேண்டும். கான் அடைத்துக்கொண்டால் ஒரே மழைக்காலத்தில் சாலை ஓடையாகிவிடும். இன்று நாங்கள் மிதித்துச் செல்லும்போது, ஆண்டுக்கணக்கில் யாரும் கை வைக்காத தடங்களிலும் சில இடங்களில் நடுமேடு அப்படியே நிற்பதைக் காண்கிறோம். வேறு சில இடங்களில் கான் தூர்ந்து, சாலையின் நடுவே முழங்கால் ஆழத்திற்கு நீர் அறுத்துவிட்டிருக்கிறது. அவ்விடங்களில் வண்டியைத் தோளில் சுமந்து கடக்கிறோம்.

காடு வெட்டிச் சாலை அமைத்தல் என்றவுடன் நானிங் போர் நினைவுக்கு வருகிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்று ஆங்கிலேயர் கேட்டதை நானிங் தலைவர் டோல் சாயிட் ஏற்க மறுத்தார். 1831-இல் ஆங்கிலேயர் படை மலாக்காவிலிருந்து வந்தது. நானிங் மக்கள் மரங்களை வெட்டிச் சாய்த்து வழியை அடைத்துவிட்டார்கள். படை முன்னேற இயலாமல் பீரங்கிகளையும் கைவிட்டுத் திரும்பியது. மறு ஆண்டு மீண்டும் வந்தபோது காட்டை வெட்டி, சாலை அமைத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நகர்ந்து, 1832 ஜூன் மாதத்தில் தாபோ நானிங்கைப் பிடித்தனர். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் படையில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். சாலை வெட்டும் பணிக்கென்று வந்த படைப்பிரிவும் சென்னையிலிருந்து வந்ததே. தமிழும் தெலுங்கும் பேசியோர் அதில் இருந்தனர். பால்மரம் இந்நாட்டுக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே நம்மவர் கையில் மண்வெட்டியுடன் இந்தக் காட்டில் நின்றிருக்கின்றனர். அதுவும் மற்றவர் மண்ணைப் பறிக்க வந்த படையில். அப்போரில் மாண்ட ஆங்கிலேயர் சிலரின் கல்லறைகள் அலோர் காஜா நகரில் உள்ளன. அங்குச் சென்று பார்த்தோம். சிப்பாய் ஒருவரின் பெயரையும் எங்கள் கண்கள் காணவில்லை.

மிதிவண்டியைப் பற்றிச் சொல்லும்போது 1942-ஐ விட்டுவிட முடியாது. ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டிகளிலேயே மலாயாவின் வடக்கிலிருந்து தெற்கே வந்தனர். பெருஞ்சாலையில் பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தால் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடப்பார்கள். எதிரி வழிமறித்தால் தோட்டத் தடங்களில் புகுந்து பின்புறமாக வந்துவிடுவார்கள். டயர் கிழிந்தபின் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர் என்றும், இரவில் அந்த ஓசையைக் கேட்டுப் பீரங்கி வண்டிகள் வருகின்றன என எதிர்ப்படையினர் அஞ்சினர் என்றும் எழுதி வைத்திருக்கின்றனர். அடுத்து நடந்தது நம் வீடுகளில் இன்றும் தாழ்ந்த குரலில் பேசப்படுவது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு 1905-இல் திறக்கப்பட்ட இரயில் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தோட்டங்களிலிருந்து நம் ஆண்கள் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தண்டவாளம் திரும்பவில்லை. ஆட்களிலும் பலர் திரும்பவில்லை.

இனி, மிதிப்பதைப் பற்றிச் சில சொற்கள். சரளையில் ஓட்டுவது தாரில் ஓட்டுவது போன்றதன்று. டயரில் காற்றைக் கல்லாக அடைத்தால் வண்டி துள்ளும். சற்றே குறைத்து, அகன்ற டயராகப் போட்டால் சரளையை அணைத்துக்கொண்டு போகும். ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். அமர்ந்தபடியே, உடலைச் சற்று முன்சாய்த்து, நிதானமாக மிதிக்க வேண்டும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தவன் கானில் கிடப்பான். சில நேரான சடக்குகளில் தகரக் கூரையைப் போல வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும். வேகமாகச் செல்லும் சக்கரங்கள் துள்ளித் துள்ளி உண்டாக்கும் அலைகள் அவை. அங்கு ஓரமாகச் சென்றால் பற்கள் தப்பும்.

பால்மரத் தீம்பார் இப்பொழுது இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் எஞ்சியிருக்கிறது. அதனுள் புகுந்துவிட்டால் வெயில் தெரியாது. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலையுதிர்ந்து தடமே மறைந்துவிடும். சக்கரத்தின் கீழ் சருகு நொறுங்கும் ஓசை தவிர வேறோசை கேட்காது. கொட்டை வெடிக்கும் காலமானால் எங்களுள் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சட்டைப்பை நிறையப் பொறுக்குவார். ஐம்பது வயதைக் கடந்தவர் அவர். செம்பனைக் காடு வேறுவகை. நிழல் குறைவு, புழுக்கம் மிகுதி. வெட்டிப் போட்ட மட்டையின் முள் டயரைத் துளைத்துவிடும். ஆயினும் அங்கும் பார்ப்பதற்கு உண்டு. கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டிகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். பழத்தைத் தின்னும் எலிகளை ஒழிக்க ஆந்தைகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. அதிகாலையில் சென்றால் வெள்ளை முகத்துடன் ஒன்று எட்டிப் பார்க்கும்.

எங்கள் பயணத்தில் நாங்கள் பெரிதாகக் கருதுவது வேறொன்று. தோட்டத்து அலுவலகத்தில் ஒவ்வொரு தீம்பாருக்கும் நடவு செய்த ஆண்டும் எண்ணும்தான் பெயர். பாட்டாளி மக்கள் அப்படி அழைத்ததில்லை. அவர்கள் ஒவ்வொரு மேட்டுக்கும் வளைவுக்கும் தாமே பெயர் வைத்திருந்தனர். கொட்டகை மேடு, சாமி கல்லு, குரங்குப் பாலம், வாளி உருண்ட பள்ளம் என்று அவை இருக்கும். எந்த வரைபடத்திலும் அவை இல்லை. முதியவர்களின் நாவில் மட்டுமே இருக்கின்றன.

இதனை எங்களுக்கு உணர்த்தியவர், இப்பொழுது நகரத்தில் மகன் வீட்டில் வாழும் ஒரு பாட்டி. தாம் பிறந்த தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். நாங்கள் எந்த வழியாகப் போகிறோம் என்று ஒருநாள் விசாரித்தார். பழைய பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு செங்குத்தான ஏற்றம் இருக்கிறது, அதைச் சொன்னோம்.

"அழுகாச்சி மேடுன்னு சொல்லுங்க தம்பி," என்றார்.

ஏன் அந்தப் பெயர் பாட்டி என்று கேட்டோம்.

"காலையில பெரியவங்க எல்லாம் வேலைக்குப் போயிடுவாங்க. அக்காக்காரிதான் தம்பி தங்கச்சிய இழுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவணும். அந்த மேடு வந்ததும் சின்னதுங்க உக்காந்து அழும். நான் அங்க எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? அப்புறம் என் தங்கச்சிய இழுத்துக்கிட்டுப் போனேன். அது அழுதுச்சு. அப்புறம் என் பிள்ளைங்க."

அந்தப் பள்ளி மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாணவர் எண்ணிக்கை குறைந்து வேறிடம் சென்றுவிட்டது. ஏற்றம் மட்டும் அங்கேயே இருந்தது. அடுத்த ஞாயிறு அதில் ஏறும்போது எங்களால் முன்போல் பேசிக்கொண்டு ஏற முடியவில்லை.

பெற்றோர்களே, தோட்டத் தொழிலாளப் பெருமக்களே, நாங்கள் இதனை இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தத் தீம்பாரில் மறுநடவு தொடங்கிவிட்டது. குன்றைப் படிபடியாக வெட்டுகிறார்கள். மற்றொரு பக்கம் வீடுகள் எழும்பப் போவதாகப் பலகை நட்டிருக்கிறார்கள். நாங்கள் சென்ற தடங்களுள் மூன்றில் இப்பொழுது இரும்புக் கதவு போடப்பட்டிருக்கிறது. நிலம் அவர்களுடையது, பழம் திருடுவோரும் உண்டு, எனவே கதவு போட்டதைக் குறைகூற நாங்கள் வரவில்லை. அனுமதி கேட்டுத்தான் செல்கிறோம். ஒரு கதவில் காவல் காப்பவர் நேபாள நாட்டவர். மேட்டில் நாங்கள் படும் பாட்டைப் பார்த்து, தம் ஊரில் இதனை மேடு என்று சொல்லமாட்டார்கள், வாசற்படி என்பார்கள் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

இத்தாலி நாட்டில் இதே நிலை ஏற்பட்டபோது ஒரு வழி கண்டார்கள். தஸ்கனி மாநிலத்தின் குன்றுகளுக்கிடையே ஓடும் வெண்சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்கு இரையாகிக்கொண்டிருந்தன. அவற்றைக் காப்பதற்காகவே 1997-இல் கயோலே என்னும் ஊரிலிருந்து பழைய மிதிவண்டிகளில் ஒரு பயணம் புறப்பட்டது. முதல் ஆண்டில் வந்தவர்கள் 92 பேர். பின்னர் ஆயிரக்கணக்கானோர் வரத்தொடங்கினர். 2007 முதல் அவ்வெண்சாலைகளில் பெரும் பந்தயமொன்றும் நடக்கிறது. அங்கு அவை ஊர்ப் பொதுச்சாலைகள்; இங்கு நம் சடக்குகள் தோட்டத்தார் உடைமை. ஆதலால் அவர்களைப்போல் சாலையைக் காப்பாற்ற நம்மால் முடியும் என்று நாங்கள் நம்பவில்லை. பெயர்களைக் காப்பாற்ற முடியும்.

சென்ற பள்ளி விடுமுறையில், தோட்ட நிருவாகியின் ஒப்புதலுடன், ஏழு மாணவர்களை அழைத்துச் சென்றோம். அனைவருக்கும் தலைக்கவசம், பெற்றோர் இருவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தனர். குலை ஏற்றும் டிராக்டர் வரும்போதெல்லாம் அனைவரும் இறங்கி ஓரம் நின்றோம். பாட்டியின் பேத்தியும் வந்திருந்தாள். ஐந்தாம் ஆண்டு மாணவி. அழுகாச்சி மேட்டின் கீழ்ப்பாதி அப்போதும் இருந்தது. மேற்பாதியில் இயந்திரம் வெட்டிய பச்சை மண். பாதி ஏறியதும் அவளால் மிதிக்க முடியவில்லை. இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், பாட்டி எந்த இடத்துல உக்காந்து அழுதாங்க?" என்று கேட்டாள்.

எங்களுக்குத் தெரியவில்லை. அவள் சற்றுநேரம் இருபுறமும் பார்த்தாள். பிறகு கானோரத்தில் இருந்த ஒரு கல்லின்மேல் தானே போய் அமர்ந்துகொண்டாள். மற்ற பிள்ளைகளும் அவளருகே அமர்ந்தனர். தண்ணீர் குடித்தார்கள். இயந்திரம் ஞாயிற்றுக்கிழமை ஆதலால் ஓய்ந்திருந்தது. பின்னர் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே மேலே ஏறினாள். நாங்களும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறினோம்.

அன்று தொடங்கி ஒரு தடித்த குறிப்பேட்டில் தடங்களை வரைந்து, மேடு, வளைவு, பாலம், கோவில் மரம் ஆகியவற்றின் பெயர்களை எழுதி வருகிறோம். இதுவரை நாற்பத்தொரு பெயர்கள் சேர்ந்துள்ளன. குறிப்பேடு பள்ளி நூலகத்தில் இருக்கிறது. மாணவர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்து எழுதலாம். அவர்கள் சொன்ன சொல்லையே, திருத்தாமல் எழுதுங்கள். பழைய மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள வளைவைப் பற்றி மட்டும் இரண்டு குடும்பத்தார் ஒத்துக்கொள்ள மறுக்கின்றனர். ஒரு வீட்டில் அதனைப் பேய் வளைவு என்கிறார்கள். மற்றொரு வீட்டில் பலாமரத்து வளைவு என்கிறார்கள். பலாமரம் அங்கு இப்பொழுது இல்லை. பேயைப் பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை. அவ்விடத்தை அறிந்தவர்கள் யாரேனும் இருந்தால், பிள்ளைகள் மூலம் சொல்லியனுப்புமாறு வேண்டுகிறோம். அதுவரை அந்த வளைவுக்கு நேராக இரண்டு பெயர்களையும் எழுதி வைத்திருக்கிறோம்.